நட்சத்திரங்களில் தனிமங்கள் உருவாவதை ஆராய்வது பெண்ணுக்குச் சரிப்பட்டு வருமா?

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். அணுக்கரு வானியற்பியலில், அதாவது நட்சத்திரங்களுக்குள் தனிமங்கள் எப்படி உருவாகின்றன என்பதில், ஆராய்ச்சி செய்ய ஆசை. "ராத்திரி வேலை, பெண்ணுக்குச் சரிப்படாது, பி.எட். முடி" என்கிறார் அப்பா. என்ன செய்யட்டும்?

சரிப்படும். இதைச் சொல்ல உனக்கென்ன தகுதி என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: நான் அந்தத் துறையில் பிஎச்.டி. வாங்கியவள் இல்லை. அதற்கு ஆசைப்பட்டு, பி.எட். முடித்து, பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுப்பவள். கேள்வி சுருக்கென்று தைத்தது, அதனால் எழுதுகிறேன்.

உங்கள் அப்பாவிடம் வானியலாளர் மார்கரெட் பர்பிட்ஜ் கதையைச் சொல்லுங்கள். 1944-ல் லண்டனில் ஜெர்மானியரின் பறக்கும் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்தவர். போருக்காக ஊரே விளக்கணைத்திருந்ததால் வானம் நன்றாகத் தெரிந்ததாம். பிறகு கலிபோர்னியாவின் வில்சன் மலை வானாய்வகத்துக்குப் போக கார்னகி உதவித்தொகை கேட்டார். அங்கே ஆண்களுக்கு மட்டும்தான் அனுமதி என்று மறுத்துவிட்டார்கள். 1955-ல் கணவர் ஜெஃப்ரிக்கு அதே உதவித்தொகை கிடைத்தது. அவர் கோட்பாட்டு ஆள். உதவியாளர் என்ற பெயரில் கூடப் போய் தொலைநோக்கியைக் கையாண்டது மார்கரெட்.

இரண்டு வருடம் கழித்து, 1957-ல், பர்பிட்ஜ் தம்பதி, இயற்பியலாளர் ஃபௌலர், வானியலாளர் ஹாயில் நால்வரும் சேர்ந்து நூற்றுச் சொச்சம் பக்கத்தில் ஒரு கட்டுரையை எழுதினார்கள். இரும்பு வரையிலான தனிமங்கள் நட்சத்திர உலையில் எப்படி உருவாகின்றன, அதைத் தாண்டிய தனிமங்கள் நியூட்ரான்களை மெதுவாகவோ வேகமாகவோ விழுங்கி எப்படி வருகின்றன என்று வரிசையாக விளக்கியது அதுதான். அதில் அகரவரிசைப்படி முதல் பெயர் மார்கரெட்டுடையது.

நட்சத்திரத்துக்குள் தனிமங்கள் உருவாகின்றன என்பதற்கு எனக்குப் பிடித்த ஆதாரம் டெக்னீசியம் என்ற தனிமம். 1952-ல் மெரில் என்ற வானியலாளர் சில சிவப்பு நட்சத்திரங்களின் நிறமாலையில் (ஒளியைப் பிரித்துப் பார்த்ததில்) அதைக் கண்டார். அதன் எந்த ஐசோடோப்பும் நிலையானதல்ல, அதிகபட்ச அரை ஆயுளே (பாதி சிதைந்துபோக ஆகும் காலம்) சில பத்து லட்சம் வருடம்தான். நட்சத்திரத்தின் வயதோ அதைவிடப் பல மடங்கு. வகுப்பில் இப்படிச் சொல்வேன்: பல வருடமாகப் பூட்டிக் கிடக்கும் வீட்டில் சாமி படத்துக்கு வாடாத மல்லிகை இருந்தால், உள்ளே யாரோ இன்றைக்கும் பூத் தொடுக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

1983 இயற்பியல் நோபல், நம் சந்திரசேகரோடு சேர்த்து ஃபௌலருக்குப் போனது. ஹாயிலை விட்டுவிட்டார்களே என்று இன்றும் புலம்புகிறார்கள். ஹாயில் ரசிகர்கள் கமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம். நட்சத்திரத்தில் போதுமான கார்பன் உருவாக, கார்பன் அணுக்கருவுக்கு 7.65 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் பக்கத்தில் ஓர் ஆற்றல் நிலை இருந்தே ஆக வேண்டும் என்று, யாரும் நம்பாதபோது சொன்னவர். அவருக்கு நடந்தது அநியாயம்தான். மார்கரெட்டுக்காகப் புலம்ப ஆளில்லை என்பதுதான் என் வருத்தம்.

என் கதை சின்னது. எங்கள் கல்லூரி மொட்டை மாடியில் ஒரு தொலைநோக்கி இருந்தது. அல்கோல் நட்சத்திரம் மூன்று நாளுக்கு ஒருமுறை மங்குவதை அளப்பது என் புராஜெக்ட். ஹாஸ்டல் கேட்டை ஆறரைக்குப் பூட்டிவிடுவார்கள். அப்பா இன்லாண்ட் லெட்டரில் "என் மகள் இரவு நட்சத்திரம் பார்க்க அனுமதிக்குமாறு பணிவுடன்" என்று எழுதி அனுப்பினார். வார்டன் படித்தார், சிரித்தார், நாலாக மடித்து ரிஜிஸ்டருக்குள் வைத்தார். அவ்வளவுதான். வகுப்புப் பையன்கள் இருவர் பார்த்து எண்களைக் கொண்டுவந்தார்கள், நான் கிராஃப் போட்டேன். அவர்கள் நல்ல பையன்கள், அவர்கள்மேல் குறையில்லை. ஆனால் அந்த நட்சத்திரம் மங்கியதை இன்றுவரை நான் பார்த்ததில்லை.

இப்போது என்ன செய்கிறேன் தெரியுமா? தனிமங்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்ல ஒரு பீரியட் கிடைப்பதில்லை. எத்தனை பிள்ளைகள் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கினார்கள் என்று ஆன்லைனில் ஏற்ற மட்டும் நேரம் இருக்கிறது. சர்வர் வேறு படுத்துவிடும். சரி, அது வேறு பஞ்சாயத்து.

இன்னொன்று, இந்தத் துறையில் பாதி வேலைக்கு ராத்திரியே தேவையில்லை. இத்தாலியின் கிரான் சாஸோவில் 1,400 மீட்டர் பாறைக்கு அடியில் துகள் முடுக்கி (அணுத்துகள்களை வேகப்படுத்தி மோதவிடும் கருவி) வைத்து நட்சத்திர வினைகளை அளக்கிறார்கள்; அங்கே பகலேது, இரவேது? கொல்கத்தா சாகா நிறுவனத்திலும் இதற்கென்றே ஒரு முடுக்கி இருக்கிறது. ஆராய்ச்சியில் சேர்வதற்கான ஜெஸ்ட், நெட் தேர்வுகள் இரண்டுக்கும் படியுங்கள். பி.எட். எங்கேயும் ஓடிப்போகாது.

சேருவதற்கு முன், ஹாஸ்டல் கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.