லித்தியம் செல்லை வீட்டிலேயே சார்ஜ் செய்வது: கேள்வி பதில்

பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்தவர்கள், டார்ச் லைட் வைத்திருப்பவர்கள் எனப் பலரும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

லேப்டாப்பிலிருந்து 18650 எனப்படும் உருளை வடிவ லித்தியம் செல்கள் எடுத்தேன். 5 வோல்ட் போன் சார்ஜரிலிருந்து நேராக ஒயர் கொடுக்கலாமா சார்?

கூடவே கூடாது. போன் சார்ஜர் என்று நாம் சொல்வது வெறும் அடாப்டர்தான். சார்ஜ் செய்கிற சர்க்யூட் போனுக்குள் இருக்கிறது. 3.6 அல்லது 3.7 வோல்ட் என்று அச்சிட்ட செல்லுக்குப் பெரும்பாலும் 4.2 வோல்ட்தான் உச்சம். சரியான சார்ஜர் முதலில் கரண்டை ஒரே அளவில் வைத்து ஏற்றும். 4.2-ஐத் தொட்டதும் வோல்ட்டேஜை அங்கேயே பிடித்துக்கொள்ளும். கரண்ட் தானாக இறங்கும். ஆரம்பத்தில் இருந்ததில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆனதும் நிறுத்திவிடும். உங்கள் அடாப்டருக்கு இந்த நிறுத்தம் தெரியாது. 5 வோல்ட் வரை தள்ளப் பார்க்கும். அப்புறம் செல்லுக்குள் வாயு, சூடு, கடைசியில் தீ.

அப்படியானால் டிபி4056 என்ற குட்டி சார்ஜிங் போர்டு போதுமா?

ஒற்றைச் செல்லுக்குப் போதும். ஆனால் அது வழக்கமாக 1 ஆம்பியர் தரும்படி வருகிறது. செல்லின் கொள்ளளவில் பாதி அளவு கரண்ட் என்பது என் கணக்கு. 2000 மில்லி ஆம்பியர்-அவர் (mAh) கொள்ளளவுள்ள செல்லுக்கு 1 ஆம்பியர் சரி. 300 உள்ள குட்டிச் செல்லுக்கு அதே 1 ஆம்பியர் கொடுத்தால் கொதித்துவிடும். போர்டில் கரண்டைத் தீர்மானிக்கும் 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் போடுங்கள். சுமார் 130 மில்லி ஆம்பியராகக் குறையும்.

மூன்று செல்களை சீரிஸில் இணைத்து பிஎம்எஸ் (செல்களைக் காக்கும் சர்க்யூட்) போட்டிருக்கிறேன். கார் பேட்டரி சார்ஜரைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். மூன்று செல் நிறைந்தால் 12.6 வோல்ட். ஈய அமில பேட்டரி சார்ஜர் 14-ஐயும் தாண்டும். பிஎம்எஸ் தடுக்குமே என்பீர்கள். அது ஆபத்துக்கு இழுக்கும் ஹேண்ட் பிரேக். தினமும் அதைப் பிடித்தா வண்டியை நிறுத்துவீர்கள்?

ஒரு செல் 0.9 வோல்ட் காட்டுகிறது. பிழைக்குமா?

பிழைத்த மாதிரி நடிக்கும். இவ்வளவு இறங்கிக் கிடந்த செல்லில் உள்ளேயிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கியிருக்கலாம். மறுபடி ஏற்றும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். நானும் ஆசைப்பட்டு ஒன்றை ஏற்றிப் பார்த்தேன். மறுநாள் மேசையில் சும்மா கிடந்தபடியே 3.9-க்கு இறங்கியிருந்தது. முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவுக்கு அனுப்பினேன். நீங்களும் அனுப்பிவிடுங்கள்.

உப்பிய பேட்டரியை ஊசியால் குத்திக் காற்றை எடுக்கலாமா?

ஐயோ, குத்தாதீர்கள்! சார்ஜும் செய்யாதீர்கள். தீப்பிடிக்கிற பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள், அதுவும் மின்கழிவுக்குத்தான்.

இரவு முழுக்கப் போட்டு வைக்கலாமா அண்ணா?

நல்ல சார்ஜர் தானே நின்றுவிடும். ஆனாலும் பிரித்தெடுத்த செல்லை நான் விழித்திருக்கும்போது, டைல்ஸ் தரையில் வைத்துத்தான் ஏற்றுவேன். மெத்தை மேல் வைக்கவே வைக்காதீர்கள்.

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்லுக்கும் இதே சார்ஜர்தானா?

இல்லை. அதற்கு உச்சம் 3.65 வோல்ட். அதற்கென்றே உள்ள சார்ஜர் வேண்டும்.

என் 18650 செல்லில் 9900 mAh என்று போட்டிருக்கிறதே, எவ்வளவு நேரம் ஏற்ற வேண்டும்?

நல்ல செல்லிலேயே 3500-ஐ ஒட்டித்தான் இருக்கும். 9900 என்று போட்டவர் வேறு எதில் பொய் சொன்னாரோ! அதை ஏற்றவே வேண்டாம்.