கண்ணாடித் தொட்டியில் குட்டி இறால்: கேள்வி பதில்

வந்த கேள்விகளில் முக்கால்வாசி ரெட் செர்ரி இறாலைப் பற்றியவை. அதன் அறிவியல் பெயர் நியோகாரிடினா டேவிடி. சீனா, தைவான் பக்கத்து ஓடைகள் அதன் சொந்த ஊர். நன்கு வளர்ந்த பெண் இறாலே 3 செ.மீ. இருந்தால் அதிகம். முதன்முதலாக இறால் வளர்ப்பவர்களுக்கு இதைவிட ஏற்றது இல்லை என்பது என் அபிப்பிராயம். அதனால் பதில்களும் பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கும்.

அக்கா, கொளத்தூரில் பத்து செர்ரி வாங்கி வந்தேன். புது டேங்க், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஃபில்டரும் ஓடுகிறது. மூன்றே நாளில் ஏழு செத்துவிட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (கல்லூரி மாணவர், அம்பத்தூர்)

கடைக்காரரைச் சந்தேகப்படும் முன்னால் டேங்க் வைத்து எத்தனை நாள் ஆகிறது என்று பாருங்கள் தம்பி. புதுத் தொட்டியில் தண்ணீர் தெளிவாக இருப்பதற்கும் அது இறாலுக்கு நல்லதாக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. இறாலின் கழிவும் மிச்சத் தீனியும் அமோனியாவாகும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் இறாலுக்கு விஷம். நைட்ரேட் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை இறால் இல்லாமலே ஃபில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வாருங்கள். டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகும் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்வேன். கண்ணாடியிலும் இலைகளிலும் வழவழவென்று படியும் அந்த மெல்லிய படலம்தான் இறால் நாள் முழுக்கச் சுரண்டித் தின்னும் உணவு. புதுத் தொட்டியில் அது இருக்காது.

இன்னொன்று, பையைத் திறந்து அப்படியே கொட்டினீர்களா? மீன் தாங்கும், இறால் தாங்காது. பையிலுள்ள தண்ணீரோடு இறாலை ஒரு டப்பாவில் விட்டு, ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, டேங்க் தண்ணீரை நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாக இறக்குங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகட்டும். அப்புறம் வலையில் எடுத்து இறாலை மட்டும் விடுங்கள்.

எங்கள் போர் தண்ணீரின் டி.டி.எஸ். 1100. கேன் வாட்டரில் 40தான் காட்டுகிறது. எதை ஊற்றுவது? (வேளச்சேரி)

இரண்டையும் கலந்து ஊற்றலாம். செர்ரிக்கு 200 முதல் 300 வரை நல்லது. ஒரு பங்கு போர் தண்ணீருக்கு நான்கு பங்கு கேன் வாட்டர் கலந்தால் உங்கள் கணக்குப்படி 250 பக்கம் வரும்.

ஆனால் டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்றுதான் சொல்லும், என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. ஓடு கட்டுவதற்கு இறாலுக்குக் கால்சியமும் மக்னீசியமும் வேண்டும். கடலோரப் பகுதிகளில் பல போர்களில் அந்த 1100-ல் பெரும்பகுதி வெறும் உப்பாகவே இருக்கும். அதனால் ஒருமுறை ஜி.எச். டெஸ்ட், அதாவது கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்று காட்டும் கடினத்தன்மை டெஸ்ட், செய்துவிடுங்கள். கலந்த தண்ணீரில் 6 முதல் 8 டிகிரி வந்தால் கவலையில்லை. குறைவாக இருந்தால் போரை விட்டுவிட்டு, கேன் வாட்டரில் இறாலுக்கென்றே விற்கும் தாது உப்பைக் கலந்துகொள்ளுங்கள்.

எந்தக் கலவையாக இருந்தாலும் ஒவ்வொரு வாரமும் அதே கலவை வேண்டும். டி.டி.எஸ். 320 இருக்கும் தொட்டியிலும் செர்ரி ஆண்டுக்கணக்கில் பெருகும். இந்த வாரம் 200, அடுத்த வாரம் 400 என்று மாறும் தொட்டியில் பெருகாது.

மெட்ரோ வாட்டரை நேராக ஊற்றலாமா? (பெரம்பூர்)

கூடாது. குளோரின் இருக்கும். ஆன்டி-குளோரின் சொட்டு விடுங்கள், இல்லையென்றால் பக்கெட்டில் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு ஊற்றுங்கள்.

ஆறு மாதமாக நன்றாக இருந்தது. நேற்று காலை எழுந்து பார்த்தால் பாதிக்கு மேல் கவிழ்ந்து கிடக்கின்றன. மிச்சமும் வலிப்பு வந்த மாதிரி துடிக்கின்றன. தண்ணீர் டெஸ்ட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. எதையும் மாற்றவில்லையே? (இல்லத்தரசி, தஞ்சாவூர்)

டேங்கில் எதையும் மாற்றவில்லை, சரி. அறையில்? டேங்க் இருக்கும் அறையில் கொசு லிக்விட் செருகியிருக்கிறீர்களா, வர்த்தி கொளுத்தினீர்களா, கரப்பானுக்கு ஸ்ப்ரே அடித்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள் அம்மா. நம் வீடுகளில் ஒரே இரவில் கூட்டமாக இறால் சாவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

கொசு லிக்விட், வர்த்தி, ஸ்ப்ரே பலவற்றிலும் இருப்பது பைரெத்ராய்டு வகை மருந்து. பூச்சியின் நரம்பைத் தாக்கிக் கொல்வது அதன் வேலை. இறாலும் பூச்சியும் கணுக்காலிக் குடும்பம். பூச்சியைக் கொல்லும் மருந்து இறாலையும் கொல்லும், அதுவும் மிக மிகக் குறைந்த அளவிலேயே. மீனுக்கும் ஆகாது, ஆனால் இறால் முந்திக்கொள்ளும். நீங்கள் சொன்ன துடிப்பும் கவிழ்வதும் நரம்பு பாதித்ததற்கு அடையாளம்.

பலர் கவனிக்காத ஒன்று ஏர் பம்ப். அது எந்த அறையில் இருக்கிறதோ அந்த அறைக் காற்றைத்தான் உறிஞ்சி, பொடிக் குமிழியாக்கித் தண்ணீருக்குள் அனுப்புகிறது. டேங்குக்கு மூடி போட்டாலும் மருந்து பம்ப் வழியாக உள்ளே போய்விடும். தெருவில் கொசுப் புகை அடிக்க வண்டி வரும் சத்தம் கேட்டால் உடனே ஜன்னலைச் சாத்தி, பம்பை அரை மணி நேரம் நிறுத்துங்கள். நிறுத்தினால் ஒன்றும் ஆகிவிடாது.

இப்போது செய்ய வேண்டியது: அதே டி.டி.எஸ்., அதே சூடு உள்ள தண்ணீரில் பாதியை மாற்றுங்கள். ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். நாளை இன்னொரு கால் பங்கு மாற்றுங்கள். இனி அந்த அறையில் ஜன்னலுக்கு வலை, கட்டிலுக்குக் கொசுவலை. வேறு வழி கிடையாது. கொசு க்ரீம் தடவிய கையையும், நாய்க்கு உண்ணி மருந்து போட்ட கையையும் தண்ணீரில் விட வேண்டாம்.

ஒரு இறால் செத்துக் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் கூடு. மற்றவை தின்றுவிட்டனவா? (பள்ளி மாணவி, நாகர்கோவில்)

செத்துப் போகவில்லை பாப்பா, சட்டையைக் கழற்றிப் போட்டிருக்கிறது. இறாலின் ஓடு வளராது. உடம்பு பெரிதானால் பழைய ஓட்டை விட்டு வெளியே வந்தாக வேண்டும். தலை ஓடும் வயிற்று ஓடும் சேரும் இடத்தில் முதுகுப்பக்கம் விரிசல் விடும். உடம்பை வில்லாக வளைத்து ஒரே உதறலில் வெளியே பாய்ந்துவிடும். பார்த்துக்கொண்டே இருந்தாலும் கண் சிமிட்டினால் தவறிவிடும். பழைய கூட்டில் மீசை, கால் நகம், கண்ணின் மேல்தோல் வரைக்கும் அப்படியே இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார். புது ஓடு கெட்டியாகும் வரை இறால் மாஸ் என்கிற பாசிச் செடிக்குள் ஒளிந்துகொள்ளும், தேடாதே. கூட்டையும் உள்ளேயே விட்டுவிடு. அதிலுள்ள கால்சியத்துக்காக மற்ற இறால்கள் தின்னும்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: முதுகில் சுற்றிலும் வெள்ளை வளையம் தெரிந்து, ஓட்டைக் கழற்ற முடியாமல் இறால் சாகிறது என்றால் ஜி.எச். பாருங்கள், தண்ணீர் மாற்றும் அளவையும் பாருங்கள். ஒரேயடியாகப் பாதித் தண்ணீரை மாற்றும்போது பலவற்றுக்கு நேரம் வரும் முன்னே ஓடு கழற்றும் நிலை வந்துவிடுகிறது. விஷம் கலந்த அவசரம் தவிர, வாரம் 10 சதவீதம் போதும்.

வயிற்றுக்கடியில் மஞ்சளாக முட்டை தெரிகிறது. தனி டப்பாவில் மாற்றிவிடட்டுமா? (சேலம்)

தயவு செய்து மாற்றாதீர்கள். இடம் மாறிய அதிர்ச்சியில் முட்டைகளை உதிர்த்துவிடும். லென்ஸ் இருந்தால் அருகில் வைத்துப் பாருங்கள். நீந்தும் கால்களுக்கிடையே 20, 30 முட்டைகள் கொத்தாக ஒட்டியிருக்கும். தாய் அந்தக் கால்களை விடாமல் ஆட்டி, முட்டைகளுக்குப் புதுத் தண்ணீர் படும்படி விசிறிக்கொண்டே இருக்கும். நடுநடுவே முன்கால்களால் ஒவ்வொன்றாகத் தடவிச் சுத்தம் செய்யும். மூன்று நான்கு வாரம் இப்படி. பொரிக்க இரண்டு மூன்று நாள் இருக்கும்போது ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கரும்புள்ளி தெரியும், அவை குஞ்சின் கண்கள். பொரிந்து வருவது லார்வா இல்லை, 2 மி.மீ. அளவில் முழு இறாலே வரும். ஃபில்டர் வாயில் ஸ்பாஞ்ச் இல்லாமல் இருந்தால் இன்றே மாட்டிவிடுங்கள்.

ஆனால் என் அமானோ இறாலுக்கு முட்டை வருகிறது, குஞ்சு ஒன்றுகூட வந்ததில்லையே? (பெங்களூரு)

வராது. ஜப்பானின் தகாஷி அமானோ 1980களில் பாசி தின்பதற்காக நீர்த்தோட்டங்களில் பயன்படுத்திப் பிரபலமாக்கிய இறால் அது. பெரியவை நன்னீரில் வாழும். குஞ்சுகளோ லார்வாவாகப் பிறந்து கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு அங்கே வளர்பவை. உப்புத் தண்ணீர்த் தொட்டி தனியாக வைத்து, நுண்பாசி கொடுத்து ஒரு மாதத்துக்கு மேல் காப்பாற்ற வேண்டும். செய்பவர்கள் இருக்கிறார்கள். செர்ரியில் நன்றாகக் கை பழகிய பிறகு முயற்சி செய்யுங்கள்.

ஏப்ரல், மே மாதத்தில் தண்ணீர் 32 டிகிரி வந்துவிடுகிறது. ஐஸ் போடலாமா? (திருச்சி)

ஐஸ் வேண்டாம். சூட்டைவிடச் சூடு ஏறி இறங்குவதுதான் அதிகம் கெடுக்கும். மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, சின்ன ஃபேன் ஒன்றைத் தண்ணீர் மேல்மட்டத்தைப் பார்த்து வையுங்கள். ஆவியாகும்போது 2, 3 டிகிரி இறங்கும். திருச்சி, மதுரை போன்ற வறண்ட ஊர்களில் இது சென்னையைவிட நன்றாக வேலை செய்யும். குறைந்த தண்ணீரை ஈடுகட்ட வெறும் கேன் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்குகிறது.

சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும். அதனால் கோடையில் ஏர் பம்ப் நிற்கக் கூடாது. கரண்ட் போகும் ஊராக இருந்தால் பேட்டரி பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். தீனியைப் பாதியாகக் குறையுங்கள்.

கப்பி மீன்களோடு சேர்த்து விடலாமா?

பெரிய இறாலை விட்டுவிடும், குஞ்சுகளைத் தின்றுவிடும். இறால் பெருக வேண்டுமென்றால் மீன் வேண்டாம்.

என்ன தீனி கொடுப்பது? (ஈரோடு)

தொட்டி பழகியிருந்தால் வாரம் இரண்டு மூன்று முறை கொடுத்தால் போதும். காய்ந்து பழுப்பாக உதிர்ந்த பாதாம் மர இலை ஒன்றை, நம் தெருவில் நிற்கும் நாட்டு வாதுமைதான், கழுவி உள்ளே போடுங்கள். இலை மட்கும்போது அதன் மேல் படலம் வளரும். குஞ்சுகள் அதிலேயே மேய்ந்து, கடைசியில் நரம்பு மட்டும் மிஞ்சும். பசலைக்கீரை, சுரைக்காய்த் துண்டு எல்லாம் கொடுக்கலாம், ஆனால் மருந்தடிக்காத காயாக இருக்க வேண்டும். மாடியில் நீங்களே வளர்த்தது என்றால் உத்தமம். இரண்டு மணி நேரத்தில் தின்று முடிக்காததை எடுத்துவிடுங்கள்.

நீலமும் சிவப்பும் ஒரே தொட்டியில் விட்டால் அழகாக இருக்குமே? (கோவை)

முதல் மாதம் அழகாக இருக்கும். எல்லாம் ஒரே இனம்தான், நிறம் மட்டும் வளர்ப்பவர்கள் பொறுக்கிப் பொறுக்கி உண்டாக்கியது. கலந்து குஞ்சு வந்தால் சில தலைமுறையில் காட்டு இறாலின் மங்கலான பழுப்புக்கே பெரும்பாலும் திரும்பிவிடும். ஒரு தொட்டிக்கு ஒரு நிறம் வையுங்கள்.

ஆன்லைனில் "ஸீ மங்கி" பாக்கெட் பார்த்தேன், தண்ணீரில் போட்டால் உயிர் வருமாம். உண்மையா? (தூத்துக்குடி)

உண்மை. அது ஆர்டீமியா, உப்புத் தண்ணீரில் வாழும் பொடி இறால் வகை. ஹரால்ட் வான் பிரவுன்ஹட் என்ற அமெரிக்கர் பாக்கெட்டில் அடைத்து விற்கத் தொடங்கி, 1962 முதல் அந்தப் பெயரில் விற்றார். உங்கள் ஊரில் இருந்துகொண்டு இதற்கு ஆன்லைன் தேவையா? தூத்துக்குடி உப்பளப் பாத்திகளிலேயே ஆர்டீமியா வாழ்கிறது. மீன் உயிர் வாழ முடியாத அளவு உப்பு ஏறிய தண்ணீர்தான் அதற்குப் பாதுகாப்பு. தண்ணீர் வற்றும் காலத்தில் கெட்டி ஓடு கொண்ட முட்டை இடும். அந்த முட்டை காய்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் உறங்கும்.

மீன் கடையில் கிடைக்கும் முட்டையே போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் 25 முதல் 30 கிராம் கல் உப்பு, கால் டீஸ்பூன் முட்டை, நல்ல காற்றோட்டம், வெளிச்சம். 28 டிகிரியில் ஒன்றரை நாளுக்குள் ஆரஞ்சுப் புள்ளிகளாகப் பொரிந்து வெளிச்சத்தை நோக்கி ஓடும். அவற்றில் கொஞ்சத்தை மட்டும் வேறு உப்புத் தண்ணீருக்கு மாற்றி, ஸ்பைருலினா பொடியைத் தண்ணீரில் கரைத்து, லேசாகப் பச்சை தெரியும் அளவு விடுங்கள். மூன்று வாரத்தில் ஒரு செ.மீ. அளவுக்கு வந்து, மல்லாக்க நீந்தும். செர்ரியோடு சேர்த்து வளர்க்க முடியாது, அதன் தண்ணீர் வேறு.

கண்ணாடியில் வெள்ளையாகப் பொடிப்பொடியாகத் துள்ளுகின்றன. மருந்து அடிக்கட்டுமா? (மதுரை)

துள்ளித் துள்ளி ஓடினால் கோப்பிபாட், உருண்டையாக உருண்டு ஓடினால் விதை இறால். இரண்டும் இறாலின் தூரத்துச் சொந்தம், தொல்லை இல்லை. முக்கோணத் தலையோடு கண்ணாடியில் வழுக்கிச் செல்லும் தட்டைப் புழு பிளனேரியா. அதற்கு மட்டும் மருந்து தேவைப்படும். எந்த மருந்தானாலும் லேபிளில் காப்பர் இருந்தால் தொடாதீர்கள், இறாலுக்கு அது எமன். புதுச் செடியோடு தட்டான் புழுவும் வரும். இறால் எண்ணிக்கை காரணமில்லாமல் குறைந்தால் ராத்திரி டார்ச் அடித்துத் தேடுங்கள்.

எண்ண முடியாத அளவுக்குப் பெருகிவிட்டது. பக்கத்து ஏரியில் விட்டுவிடட்டுமா? (ஆவடி)

வேண்டாம் சார். இதே செர்ரி இறால் ஜெர்மனி, போலந்து, ஹவாய் என்று பல இடங்களில் இயற்கை நீர்நிலைகளில் குடியேறிவிட்டது. நம் ஏரி குளங்களில் ஏற்கெனவே நம் கூனி இறால்கள் இருக்கின்றன. அவற்றின் இடத்துக்கும் இரைக்கும் வெளியூர் இறால் போட்டிக்கு வர வேண்டாம். நோயும் கூடவே போகும்.

தேவைப்படுபவர்களுக்குக் கொடுங்கள். கொடுப்பதற்கு முதல்நாள் தீனி போடாதீர்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு உங்கள் டேங்க் தண்ணீர், மிச்சம் காற்று, பிடித்துக்கொள்ள ஒரு கொத்து மாஸ். வெயில் ஏறும் முன் காலையிலேயே அனுப்புங்கள். உங்கள் தண்ணீரின் டி.டி.எஸ்., ஜி.எச். இரண்டையும் ஒரு சீட்டில் எழுதிப் பையின் மேல் ஒட்டிவிடுங்கள்.