தோடு இல்லையென்றால் மாடும் இல்லையா?

கேள்வி: கால்நடை மருந்தகம் மூலம் அரசு மானியத்தில் காப்பீடு செய்த கறவை மாடு வயிறு உப்பி இறந்துவிட்டது. காதில் எண் பொறித்த அடையாளத் தோடு இல்லை என்று இழப்பீடு தர மறுக்கிறார்கள். தோடு எப்போதோ அறுந்து விழுந்துவிட்டது. நாங்கள் கட்டிய பணம் போனது போனதுதானா?
– வாசகி, வந்தவாசி

பதில்: போனதென்று விட்டுவிடாதீர்கள். தோடு இல்லாவிட்டால் இழப்பீடு இல்லை என்பது பாலிசியில் உள்ள நிபந்தனைதான். ஆனால் தேசிய கால்நடை இயக்கத்தின் காப்பீட்டில் 2024 முதல் விவசாயி கட்டுவது பிரிமியத்தில் 15 சதவீதம். மீதி 85 சதவீதத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. இவ்வளவு பொதுப்பணத்தை வாங்கிக்கொள்கிறவர்கள், தோடு விழுந்தால் அன்றே எழுதிக் கொடுங்கள் என்று தோடு போடும்போதே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லாதது பெரிய தவறு.

இப்போது உங்கள் கையில் இருப்பது மாட்டின் அடையாளம். பாலிசி எடுத்தபோது பிடித்த படம், அதில் தெரியும் நெற்றிச்சுழி, கொம்பு, நிறம், தழும்பு. கோமாரி தடுப்பூசி போட்டபோது தோட்டிலிருந்த அதே 12 இலக்க எண்ணில் ஏறிய பதிவு. இறந்த மாட்டின் படம் இருந்தால் அதையும் சேருங்கள். இவை பொருந்துவதைக் காப்பீட்டுக் கம்பெனியிடம் காட்டி, மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதன்பிறகும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். உங்களுடையதைப் போன்ற சிறு வழக்குக்குக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். ஜெயிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் வாதாட இடமிருக்கிறது.

மாடு வைத்திருக்கும் மற்றவர்களுக்கு: தோடு காதின் நடுவில், இரண்டு நரம்புகளுக்கு இடையே ஏற வேண்டும். ஓரத்தில் குத்தினால் முள்கம்பியிலோ தீவனத்தொட்டி விளிம்பிலோ மாட்டி, காதோடு கிழித்துக்கொண்டு போகும். குத்திய புண்ணில் சீழ் வைத்தால் ஓட்டை பெரிதாகி, தோடு தானாகவே கழன்றுவிடும். அதனால் முதல் பத்து நாள், பால் கறக்க உட்காரும்போதெல்லாம் காதைத் திருப்பிப் பாருங்கள். வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சள் தடவுங்கள். விழுந்துவிட்டால் அன்றே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, மருந்தகத்தில் புதுத் தோடு போட்டு, அந்த எண்ணைப் பாலிசியில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றாத புது எண்ணும் உதவாது.

மாடு இறந்தால் தோட்டை நீங்களாகக் கழற்றவே கூடாது. உடனே கம்பெனிக்கும் மருத்துவருக்கும் தகவல் கொடுத்து, முகமும் தோட்டு எண்ணும் ஒன்றாகத் தெரிய படம் எடுத்து வையுங்கள். பிரேதப் பரிசோதனை முடியும்வரை புதைக்க வேண்டாம். திட்டத்தின் வழிகாட்டுதல் கேட்பது நான்கே தாள்: தகவல் கடிதம், பாலிசி, இழப்பீட்டுப் படிவம், பிரேதப் பரிசோதனை அறிக்கை. இவற்றைக் கொடுத்த 15 நாளில் பணம் வர வேண்டும். அதற்குமேல் ஐந்தாவதாக ஒரு தாள் கேட்டால், எந்த விதியில் இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.