கண் முன்னால் இருக்கும் ஃபைல் ஆப்புக்குள் இல்லை

வாசகர் கேள்விக்குப் பதில்

கேள்வி: வணக்கம் மேடம். ஸ்விஃப்ட்டில் ஐபோன் ஆப் எழுதிப் பழகுகிறேன். எந்தப் பொருளுக்கு எந்த அட்டையைக் காட்டுவது என்பதை சர்வர் ஒரு பெயராக அனுப்பும். அந்தப் பெயரில் உள்ள எக்ஸ்ஐபி ஃபைலை (அட்டையின் திரை அமைப்பு இருக்கும் ஃபைல்) லோடு செய்வேன். அப்படி ஒரு ஃபைல் இல்லாவிட்டால் ஆப் பட்டென்று மூடிக்கொள்கிறது. பிழையைப் பிடிக்கும் டூ-கேட்ச் போட்டும் பிடிபடவில்லை. சரி, முன்கூட்டியே இருக்கிறதா என்று பார்ப்போம் என்று ஓர் இஃப் போட்டேன். எந்தப் பெயரைக் கொடுத்தாலும் 'இல்லை' என்றே வருகிறது. ஃபைலோ, ஆப் எழுதும் மென்பொருளான எக்ஸ்கோடில் என் கண் முன்னால் இருக்கிறது!
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: நீங்கள் எழுதி அனுப்பிய வரியைப் பார்த்தேன் அம்மா. ஃபைலின் வகையைச் சொல்லும் ஆஃப்டைப் என்ற இடத்தில் 'எக்ஸ்ஐபி' என்று போட்டிருக்கிறீர்கள். பிசகு அங்கேதான். எக்ஸ்ஐபி என்பது எக்ஸ்எம்எல் வடிவில் உங்கள் மேக்கில் இருக்கும் வரைவு. பில்டு கொடுத்ததும், அதாவது கோடை ஆப்பாகக் கட்டச் சொன்னதும், ஐபிடூல் என்ற கருவி அதை நிப் ஆக மாற்றிவிடும். ஆப்புக்குள் போய் உட்காருவது அந்த நிப் மட்டும்தான். ஆகவே இப்படிக் கேட்க வேண்டும்:

பண்டில்.மெயின்.பாத்(ஃபார்ரிசோர்ஸ்: பெயர், ஆஃப்டைப்: "நிப்")

பண்டில் என்பது ஆப்பின் ஃபைல்கள் எல்லாம் இருக்கும் கூடு. நில் (வெறுமை) வந்தால் நிப் இல்லை, பாதை வந்தால் இருக்கிறது. ஃபிரேம்வொர்க்குக்குள் (ஆப்போடு சேரும் தனிக் கோடு தொகுப்பு) வைத்த நிப் என்றால் மெயின் பண்டிலில் தேடிப் பயனில்லை. அந்த ஃபிரேம்வொர்க்கில் உள்ள ஏதாவது ஒரு கிளாஸைக் கொடுத்து அதன் பண்டிலை எடுங்கள். ஸ்விஃப்ட் பேக்கேஜ் என்றால் பண்டில்.மாட்யூல்.

நிப் என்ற பெயரே நெக்ஸ்ட் இன்டர்ஃபேஸ் பில்டர் என்பதன் சுருக்கம். ஸ்டீவ் ஜாப்ஸ் 1985-ல் ஆப்பிளை விட்டுப் போய்த் தொடங்கிய நெக்ஸ்ட் நிறுவனத்தின் சொத்து அது. இன்றைக்கும் நம் ஆப்புக்குள் அந்தப் பெயரில்தான் உட்கார்ந்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் எதைத் தேடுவது என்பதில் குழப்பம் வராது.

டூ-கேட்ச் ஏன் பிடிக்கவில்லை? நிப்பை லோடு செய்யும் யூஐநிப்புக்குப் பெயரைக் கொடுக்கும்போது அது எதையும் சரிபார்ப்பதில்லை. இல்லாத பெயரைக் கொடுத்தாலும் வாயைத் திறக்காது. இன்ஸ்டான்ஷியேட் என்று கூப்பிடும்போதுதான் 'நிப்பை லோடு செய்ய முடியவில்லை' என்று எறிகிறது. அது ஸ்விஃப்ட்டுக்கு முந்தைய மொழியான அப்ஜெக்டிவ்-சியின் எக்ஸெப்ஷன். ஸ்விஃப்ட்டின் கேட்ச் பிடிப்பது ஸ்விஃப்ட் எரரை மட்டும். இது அதன் கைக்கு வராது. அதனால்தான் கூப்பிடும் முன்பே பார்த்துவிட வேண்டியிருக்கிறது.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. 'இருக்கிறதா' என்ற ஓர் இஃப்பை நம்பி நின்றுவிடாதீர்கள்.

சில வருடங்களுக்கு முன், வீட்டுக்குப் பால் போடும் ஒரு கடைக்கு ஆப் செய்து கொடுத்தோம். என் சிமுலேட்டரில் (மேக்கிலேயே ஓடும் போலி ஐபோன்) ஆர்டர் பக்கம் அழகாக வந்தது. கடைக்காரர் போனில் ஆர்டர் வரிகளே இல்லை, வெறும் வெள்ளை. ஆப் மூடிக்கொள்ளவும் இல்லை. இரவு பத்தரை வரை உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்தேன். ஃபைல் பெயரில் 'செல்' என்பதன் முதலெழுத்து கேப்பிட்டல் சி. கோடில் ஸ்மால் சி. மேக்கின் டிஸ்க் வழக்கமாகக் கேப்பிட்டல், ஸ்மால் வித்தியாசம் பார்க்காது. ஐபோன் பார்க்கும். அது போகட்டும், எழுத்துப்பிழை யாருக்கும் வரும். ஆனால் 'நிப் இல்லையா, சும்மா திரும்பிப் போ' என்று நான் போட்டிருந்த இஃப் அந்தப் பிழையை மறைத்துவிட்டது. அது இல்லாமல் ஆப் செத்திருந்தால், க்ராஷ் லாகில் எந்த இடத்தில் செத்தது என்று வந்திருக்கும். பத்து நிமிட வேலை.

ஆகவே பெயர் யார் கொடுத்தது என்று பாருங்கள். நீங்களே கோடில் தட்டிய பெயர் என்றால், நிப் இல்லாதது உங்கள் பிழை. அது உங்கள் மேஜையிலேயே சத்தம் போட வேண்டும். எல்ஸ் பகுதியில் அஸெர்ஷன்ஃபெயிலியர் போடுங்கள். நீங்கள் சோதிக்கும் டீபக் பில்டில் ஆப்பை நிறுத்தும், மக்களுக்குப் போகும் ரிலீஸில் நிறுத்தாது.

உங்கள் நிலைமை வேறு. பெயர் சர்வரிலிருந்து வருகிறது. தீபாவளிக்கென்று புதிதாக ஓர் அட்டை செய்து, அதன் பெயரை சர்வரில் ஏற்றுகிறீர்கள் என்று வையுங்கள். ஆறு மாதமாக அப்டேட் செய்யாத போனுக்கும் அந்தப் பெயர் போகும். அந்த ஆப்புக்குள் அந்த நிப் இருக்க வழியே இல்லை. இது பிழை அல்ல, தினமும் நடப்பது. அங்கே சாதாரண அட்டை ஒன்றைக் காட்டத்தான் வேண்டும்.

இதற்கு நான் கையாளும் முறை: சர்வர் பெயரை நேராக ஃபைல் பெயராக்க மாட்டேன். நான் செய்து வைத்திருக்கும் அட்டைகளை ஓர் 'ஈனம்' (enum, குறிப்பிட்ட பெயர்களை மட்டும் ஏற்கும் பட்டியல்) ஒன்றில் வரிசையாக எழுதிவிடுவேன். சர்வர் பெயர் அதில் இருந்தால் அந்த அட்டை, இல்லாவிட்டால் சாதாரண அட்டை. வேறெந்தப் பெயரும் உள்ளே வராது. நிப் இருந்தும் அது அட்டையே இல்லை, வேறு திரை என்ற தொல்லையும் இதனால் போகும். அடுத்து யூனிட் டெஸ்ட் (கோடைத் தானே சோதிக்கும் சிறு கோடு) ஒன்று: ஈனமில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் நிப் இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், இன்ஸ்டான்ஷியேட்டும் செய்து பார்க்கும். அறுந்த அவுட்லெட் (நிப்பையும் கோடையும் இணைக்கும் தொடுப்பு) இருந்தால் ஃபைல் இருந்தும் ஆப் சாகும். இருக்கிறதா என்ற கேள்வி அதைக் காட்டாது.

டெஸ்டில் ஒரு பெயர் மட்டும் 'இல்லை' என்று வந்தால், எக்ஸ்கோடில் அந்த எக்ஸ்ஐபியைத் தேர்ந்தெடுத்து, வலப்பக்கம் டார்கெட் மெம்பர்ஷிப்பில் டிக் இருக்கிறதா பாருங்கள். டிக் இல்லாத ஃபைல் எக்ஸ்கோடின் பட்டியலில் தெரியும், ஆப்புக்குள் போகாது. டிக் போட்டதும் கிளீன் பில்டு ஃபோல்டர் கொடுத்து, சிமுலேட்டரில் உள்ள பழைய ஆப்பையும் அழித்துவிட்டு ஓட்டுங்கள். நீக்கிய நிப்கூடப் பழைய பில்டில் ஒட்டிக்கொண்டிருந்து, இருப்பதுபோல் காட்டும்.

பல திரைகளை ஒரே ஃபைலில் வைக்கும் ஸ்டோரிபோர்டுக்கு மாறினால் இந்த வழி பாதிதான் உதவும். ஃபைல் இருக்கிறதா என்று 'ஸ்டோரிபோர்டுசி' என்ற வகையில் கேட்கலாம். அதற்குள் ஒரு ஐடென்டிஃபையர் (திரைக்கு வைத்த அடையாளப் பெயர்) இருக்கிறதா என்று கேட்க ஆப்பிள் வெளிப்படையான வழி தரவில்லை. அங்கே ஈனமும் டெஸ்டும்தான் துணை.