சொராரிட்டிக்காக ஒரு கல்லூரியா?

அன்புள்ள அக்கா,

மகளுக்கு அலபாமா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. இங்கே டல்லாஸ் பக்கத்திலேயே நல்ல கல்லூரி இருக்க, சொராரிட்டிக்காகவே, அதாவது ஒரே வீட்டில் சேர்ந்திருக்கும் மாணவியர் சங்கத்துக்காகவே, அங்கே போவேன் என்கிறாள். அதற்கு ஆள் சேர்க்கும் 'ரஷ்' வார வீடியோக்களைப் பார்த்து வந்த ஆசை. அவள் அப்பாவோ, 'குடிக்கிற கூட்டம், வேண்டவே வேண்டாம்' என்கிறார். நான் என்ன சொல்வது?

எம்., டெக்சஸ்

அன்புள்ள எம்.,

மகளின் ஆசையைத் தள்ளிவிடாதீர்கள். ஏறக்குறைய 40,000 பேர் படிக்கும் இடத்தில் மூத்த தோழிகளும் ஒரு வீடும் கிடைப்பது பெரிய விஷயம்.

ஆனால் நாம் விரும்பினால் மட்டும் போதாது, சொராரிட்டிகளும் நம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அலபாமாவில் ஆகஸ்டில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஒவ்வொரு சொராரிட்டி வீடாகப் போய்ப் பேசுகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் சில வீடுகள் அவர்களைக் கழித்துவிடும். ஏன் என்று யாரும் சொல்வதில்லை. ஊரில் ஒருவரையும் தெரியாத நாட்களில் இது நடக்கிறது என்பதுதான் எனக்குக் கவலை. நிறத்துக்காகக் கறுப்பின மாணவியை ஒதுக்கினார்கள் என்று 2013-இல் அங்குள்ள மாணவர் பத்திரிகையே எழுதியது. அப்புறம்தான் நிர்வாகம் சேர்க்கையை மறுபடி திறக்கச் சொன்னது. இன்றும் அப்படியே என்று சொல்லவில்லை. தெரிந்துகொண்டு போகட்டும்.

அதனால் அவளிடம் ஒன்றைக் கேளுங்கள்: எந்த வீட்டிலும் இடம் கிடைக்காவிட்டாலும், சேர்ந்தபின் பிடிக்காமல் போனாலும், அந்தக் கல்லூரியில் நாலு வருடம் படிக்கச் சம்மதமா? சம்மதம் என்றால் தயங்காமல் அனுப்புங்கள். டார்ட்மத் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில்தான் சொராரிட்டியில் சேர முடியும். முதலில் கல்லூரி பழகட்டும், பிறகு வீடு என்கிற அந்த முறைதான் எனக்குச் சரியாகப் படுகிறது. உங்கள் மாநிலத்திலேயே, ஹூஸ்டனில், 1998-இல் தெற்காசியப் பெண்கள் தொடங்கிய டெல்டா ஃபை ஒமேகா என்ற சொராரிட்டியைப் பற்றியும் அவளிடம் சொல்லுங்கள்.

அவள் அப்பாவின் பயத்துக்கு வருகிறேன். சொராரிட்டி வீடுகளில் பொதுவாக மதுவுக்கு அனுமதி இல்லை. பார்ட்டி நடப்பது பையன்களின் சங்கமான ஃப்ரட்டர்னிட்டி வீடுகளில். அங்கே எல்லாம் அவர்கள் வைத்ததுதான் சட்டம். 2017-இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், ஒரு ஃப்ரட்டர்னிட்டியில் புதிதாகச் சேர்ந்த 19 வயது மாணவனை அளவில்லாமல் குடிக்க வைத்தார்கள். படிக்கட்டில் விழுந்தவனுக்குப் பல மணி நேரம் யாரும் ஆம்புலன்ஸ் கூப்பிடவில்லை. இறந்துபோனான். ஹேசிங் என்று அங்கே சொல்வது நம் ஊர் ராகிங்கேதான். 2024 இறுதியில் வந்த மத்திய சட்டப்படி, ஹேசிங்கில் குற்றம் உறுதியான அமைப்புகளின் பெயர்களைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும். மூவரும் உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் படியுங்கள். சொராரிட்டிச் சந்தா எவ்வளவு என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். அது கல்லூரிக் கட்டணத்தில் சேராது.

பெரும்பாலான கல்லூரிகளில் இடத்தை உறுதிசெய்ய மே 1 தான் கெடு. அதற்குள் அவளோடு ஒருமுறை அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசா போய்வாருங்கள். அவள் படிக்கப்போகும் துறைக்குப் போய்ப் பாருங்கள், சொராரிட்டியில் சேராத மாணவிகள் இரண்டு பேரிடமாவது அவளைப் பேச வையுங்கள்.

அன்புடன்,
அக்கா