பேருந்து நிறுத்தம் சந்திப்புக்கு முன்னாலா, தாண்டியா?

நகர மையத்துச் சாலையை மாற்றியமைக்கும்போது நிறுத்தத்தை எங்கே வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். சிக்னல் உள்ள சந்திப்பு என்றால், பெரும்பாலும் தாண்டி வைப்பதே நல்லது. முன்னால் வைத்தால் பயணிகள் ஏறி இறங்குவதற்குள் பச்சை விளக்கு போய்விடும்; பேருந்து இருமுறை காத்திருக்க வேண்டிவரும். அதன் முன்புறமாகச் சாலையைக் கடப்பவரும் பின்னால் வரும் ஓட்டுநர் கண்ணில் படமாட்டார்.

தாண்டி வைக்கும்போது இடத்தில் கஞ்சத்தனம் கூடாது. 12 மீட்டர் பேருந்துகள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக நிற்க, இடைவெளியோடு சுமார் 27 மீட்டர் வேண்டும். குறைந்தால் இரண்டாவதன் வால் சந்திப்பிலேயே நிற்கும்.

சாலையோரத்தைக் குடைந்து, பேருந்து ஒதுங்கி நிற்கத் தனி விரிவிடம் அமைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே கார்கள் நின்றுவிடும். பேருந்து சாய்வாக நிற்க, அதன் படிக்கட்டுக்கும் நடைபாதைக்கும் இடைவெளி விழும். முதியவர்களுக்கு அதுதான் பெரிய ஆபத்து. மாறாக, நடைபாதையையே பேருந்து வரும் தடம் வரை நீட்டுங்கள்.