பூண்டு வாசத்தை நம்பி கிரீம் சீஸ் சாப்பிடலாமா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "கோவையில் வாங்கிவந்த பூண்டு கலந்த கிரீம் சீஸ் டப்பாவைத் திறந்து 12 நாளாச்சு. மேலே தண்ணீர் நிற்குது. மோந்து பார்த்தால் பூண்டு வாசம்தான் வருது. லேபிளில் இன்னும் ரெண்டு மாசம் கெடு இருக்கு. போன வாரம் காற்று மழையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இல்லை. பையனுக்குச் சப்பாத்தியில் தடவிக் கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். காரணம் அந்தத் தண்ணீர் அல்ல, கரண்ட் இல்லாத அந்தப் பகல்தான்.

தயிரைக் கரண்டியால் எடுத்த குழியில் தெளிந்து நிற்கிறதே, அதே தண்ணீர்தான் இதுவும். கிரீம் சீஸில் பாதிக்கு மேல் நீர். அதில் கொஞ்சம் பிரிந்து வருவது இயல்பு. வடித்துவிடலாம், கிளறியும் விடலாம்.

மூடியே இருந்தால் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும். அதற்குப் பிறகு 4 டிகிரிக்கு மேல் 2 மணி நேரம் இருந்த மென்மையான சீஸ் எதுவானாலும் கொட்டிவிட வேண்டியதுதான். வெண்ணெய் தாங்கும், இது தாங்காது. லேபிளில் உள்ள கெடு, திறக்காமல் குளிரிலேயே இருந்த டப்பாவுக்கு. திறந்தபின் 7 முதல் 10 நாள் என்றே பல கம்பெனிகள் போடுகின்றன. எப்படி வைத்தாலும் 2 வாரத்தைத் தாண்ட விடாதீர்கள்.

பூண்டு வாசம்தானே வருகிறது என்கிறீர்கள். எனக்குக் கவலையே அதுதான். வெறும் கிரீம் சீஸ் கெட்டால் புளித்த வாடையோ ஈஸ்ட் வாடையோ காட்டிக்கொடுத்துவிடும். பூண்டும் வெங்காயத்தாளும் அதை அமுக்கிவிடும். ஸ்ட்ராபெரி போன்ற பழவகையில் சர்க்கரையும் சேர்வதால், ஈஸ்ட் பெருகி வாயு கட்டி மூடி உப்பலாம். அதனால் கண்ணை நம்புங்கள்: ஓரம் மஞ்சளாகிக் காய்ந்திருக்கிறதா, மேலே வழவழக்கிறதா, பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்புப் புள்ளி இருக்கிறதா? ஒரு புள்ளி பூசணம் கண்டாலும் டப்பா முழுக்கக் குப்பைக்கு. செடார் போன்ற கெட்டி சீஸில் சுற்றி ஓர் அங்குலம் வெட்டிவிட்டு மீதியைச் சாப்பிடலாம். மென்மையான சீஸில் பூசண இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும்.

கண்ணுக்கும் தப்புவது ஒன்று உண்டு. லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும். நிறமோ மணமோ மாறாது. கர்ப்பிணிகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் சந்தேகம் வந்தால் ருசிபார்க்கவும் வேண்டாம்.

அடுத்த டப்பாவைக் கோவையில் மற்ற சாமான்களை வாங்கி முடித்தபின் கடைசியாக வாங்குங்கள், ஐஸ் பையோடு கொண்டுவாருங்கள். வெளியே 2 மணி நேரம்தான் கணக்கு. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, கோவை பஸ்ஸில் வரும் நேரத்திலேயே அந்த ஒரு மணி நேரம் கழிந்துவிடும். திறந்த தேதியை மூடிமேல் எழுதுங்கள். ஃப்ரிட்ஜ் கதவில் வைக்காமல் உள்தட்டில் பின்பக்கம் வையுங்கள். ஈரமில்லாத சுத்தமான கரண்டியால் எடுங்கள்; தட்டில் மிஞ்சியதைத் திரும்ப டப்பாவில் போடாதீர்கள்.

வெறும் கிரீம் சீஸ் வாங்கி வீட்டிலேயே பூண்டு, மல்லித்தழை கலப்பதானால் வேண்டிய அளவு மட்டும் கலந்து, 3 நாளுக்குள் முடித்துவிடுங்கள். மிஞ்சும் என்று தெரிந்தால் கலக்காததை முன்கூட்டியே ஃப்ரீசரில் வைக்கலாம். உருகியதும் உதிரி உதிரியாகிவிடும், தடவ வராது. குருமாவில் சேர்த்துக் கொதிக்கவிட்டால் குறை தெரியாது.